ஜூன் மாதத்துக் கோல்

ரொறன்ரோவில், வோபர்ன் பக்கத்தில் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று. அதன் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் மூன்று மாதமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஒரே குளியலறை, ஒரே சோற்றுப்பானை, ஜாக்கெற் கொழுவுகிற கொளுக்கியும் ஒன்றுதான். பேச்சு மட்டும் இல்லை. ஏதும் சொல்ல வேண்டி வந்தால் நடுவில் கிளடிஸ் இருக்கிறாள். ஒருவருக்கு மனைவி, மற்றவனுக்கு அக்கா.

“அக்கா, அவர் குளிச்சு முடிச்சிட்டாரோ எண்டு கேளுங்கோ. எனக்கு பஸ் போகப்போகுது.”

“கிளடிஸ், ரெண்டு நிமிசமாம் எண்டு சொல்லும்.”

கதவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவன். நடுவில் அரை அங்குலப் பலகை. ஆனாலும் செய்தி குசினிக்குப் போய்த்தான் திரும்பி வரவேண்டும். கிளடிஸ் இடியப்பம் பிழிந்த கையோடு நின்று இரண்டு பக்கமும் சொல்லி முடிக்க, உலையில் தண்ணீர் வற்றிப் போகும்.

காணிச் சண்டை, சீதனச் சண்டை என்றால் எங்கள் சனத்துக்கு விளங்கும். இது பந்துச் சண்டை. அதுவும் எங்கள் ஊர்ப் பந்தில்லை, கனடாப் பந்துமில்லை. அவுஸ்திரேலியாக்காரரின் பந்து. முட்டை மாதிரி இருக்கும், சிவப்புத் தோல். காலால் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், குத்தி அனுப்பலாம். கிரிக்கெட் மைதானம் போல வட்டமான வெளியில், ஆள் கிடைத்தால் பதினெட்டுப் பேர், கிடைக்காவிட்டால் பதினைந்து பேர் ஒரு பக்கத்துக்கு நின்று விளையாடுவார்கள். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு பெரிய கம்பங்களுக்குள்ளால் பந்து சுத்தமாகப் போனால் கோல், ஆறு புள்ளி. வழியில் எதிராளியின் கை பட்டாலோ, பெரிய கம்பத்தில் உரசினாலோ ஒரேயொரு புள்ளி. அவ்வளவுதான் சட்டம். பட்டதா படவில்லையா என்று சொல்ல, கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டு மாட்டி, கையில் இரண்டு கொடியோடு ஒரு மனிதர் நிற்பார். ஆறு புள்ளியென்றால் இரண்டு விரல் காட்டி இரண்டு கொடியும் அசைக்க வேண்டும். ஒரு புள்ளியென்றால் ஒரு விரல், ஒரு கொடி.

அந்த மனிதர்தான் கிளடிஸின் புருசன் சீமோன்.

யன்னல் சட்டம் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த ட்ரெவர் மெல்பேர்ன்காரன். ரொறன்ரோவில் பொழுது போகாத அவுஸ்திரேலியாக்காரரையும், விசயம் தெரியாத கனடாக்காரரையும் சேர்த்து இந்த விளையாட்டை நடத்துகிற சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். சீமோன் யாழ்ப்பாணத்துப் பாசையூர் உதைபந்து அணிக்கு ஒரு காலத்தில் கோல்கீப்பர் என்று கேள்விப்பட்டவன், வா வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சீமோனின் முழங்கால் அப்போதே முடிந்த கதை. ஆகவே கோட்டும் கொடியும் அவருக்கு. கூடப் போன மச்சான், கிளடிஸின் தம்பி நிசாந்தன், ஆறடி உயரம், இருபத்தேழு வயது. அவன் ஸ்காபரோ அணியில் சேர்ந்தான். முதல் இரண்டு வருசமும் என்ன சந்தோசம். சனிக்கிழமையென்றால் கிளடிஸும் சேர்ந்து மூன்று பேரும் ஒரே காரில் போய், மண்ணும் புல்லுமாக ஒரே காரில் திரும்பி வருவார்கள்.

பிறகு தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம், இரண்டாம் சனிக்கிழமை.

மிசிசாகா அணியோடு ஆட்டம். நிசாந்தன் நாற்பது யார்ட் தூரத்திலிருந்து அடித்தான். மிசிசாகாப் பின்வரிசைக்காரன் ஒருவன் எம்பிக் கையை நீட்டினான். கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் வெளி. சீமோன் அதை வடிவாகக் கண்டார். கண்டுவிட்டு ஒற்றை விரலைக் காட்டினார். கையில் பட்டதாம், ஒரு புள்ளியாம். கை நீட்டியவனே திரும்பிப் பார்த்து அதிசயப்பட்டு, பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு போனான். நிசாந்தன் அந்தச் சிரிப்பைக் கண்டான்.

ஏன் அப்படிச் செய்தார் என்று சீமோனைக் கேட்டால் அவருக்கே வெட்கம். பாசையூர்க் கரையில் வலையில் விழுந்த மீனைப் பங்கு பிரிக்கிறவர் அவருடைய தகப்பன், அப்பு. எல்லாருடைய பங்கையும் வைத்து முடித்தபிறகுதான் தன் தம்பியின் பங்கை வைப்பார், அதுவும் சின்ன மீனாகப் பார்த்து. அப்போதுதான் கரையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சீமோன் அதைப் பார்த்து வளர்ந்தவர். அன்றைக்கு மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை சனமும் தன் கையையே பார்க்கிறது. அடித்தவன் தன் வீட்டுப் பெடியன் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு விரல் நீட்ட வேண்டிய கையில் ஒன்று தானாக மடங்கிவிட்டது.

கூத்து அதற்குப் பிறகுதான். தன் மச்சானுக்கே கோல் கொடுக்காத மனுசன் என்று சீமோனுக்குச் சங்கம் முழுக்கப் பெரிய பெயர். ட்ரெவர் தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லித் தோளில் தட்டினான். செப்ரெம்பரில் ஸ்காபரோவும் மிசிசாகாவும் இறுதியாட்டத்துக்கு வந்தபோது, கம்பத்தடியில் சீமோன்தான் நிற்க வேண்டும் என்று மிசிசாகாக்காரரே கேட்டு எழுதினார்கள். ஒரு பொய்யால் வந்த மரியாதை. அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நிசாந்தன் சண்டை போடவில்லை. ஒரு சொல் கேட்கவில்லை. அன்று பின்னேரம் காரில் ஏறாமல் பஸ்ஸில் வந்தான். அன்றிலிருந்து ‘அத்தான்’ என்ற சொல் அந்த வீட்டில் இல்லை. ‘அவர்’ ஆகிவிட்டார் சீமோன். இப்போது ஒக்ரோபர் முதலாம் தேதி மிசிசாகாவில் சிநேகிதன் ஒருவனின் பேஸ்மென்றுக்குப் போகிறானாம். விமான நிலையக் களஞ்சியத்தில் வேலை, வோபர்னிலிருந்து போக வர மூன்று மணித்தியாலம், அதனால் போகிறானாம். மூன்று வருசம் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தான், அப்போதெல்லாம் தூரம் தெரியவில்லை. தாய் செத்தபோது அவனுக்கு ஏழு வயது, கிளடிஸ்தான் வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையும் அவன்தான். இந்த மனத்தாங்கலோடு போனானென்றால் பிறகு நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு போன் எடுப்பான், அதோடு சரி. இது சீமோனுக்குத் தெரியும். கிளடிஸுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இறுதியாட்டத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை விடிய மழை விட்டிருந்தது, ஆனால் பத்தாவது மாடிக்கு மேல் ஒன்றும் தெரியாதபடி மூடுபனிப் புகார். கிளடிஸ் அஞ்சு மணிக்கே எழும்பி றோல்ஸ் பொரிக்கத் தொடங்கிவிட்டாள். உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் அடைத்த றோல்ஸ். போன வருசம் பத்துக் கொண்டுபோனாள். அவுஸ்திரேலியாக்காரர் ருசி கண்டுவிட்டார்கள். இந்த முறை எண்பது.

சீமோன் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

“எழும்பிட்டானோ?”

“எழும்பிப் போட்டான். அவங்கடை அணியிலை ஆரோ வந்து ஏத்துறானாம். எங்களோடை வரமாட்டானாம்.” கிளடிஸ் எண்ணெயை வடித்தாள். “இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லட்டே?”

“சொல்லும்.”

“ஜூனிலை பட்டதோ படேல்லையோ எண்டு நான் இண்டுவரைக்கும் உங்களைக் கேட்கேல்லை.”

“ஓம்.”

“கேட்டால் நீங்கள் சொல்லவேண்டி வரும். அதுதான் கேட்கேல்லை.”

சீமோன் கோப்பைக்குள் பார்த்தார்.

“உங்கடை அப்பு பங்கு பிரிச்ச கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பியள், பெருமையா. உங்கடை சித்தப்பா வீட்டுக்காரரை நான் சின்னனிலை இருந்து பாத்தனான். சித்தப்பாவின்ரை மனிசி எங்கடை வீட்டை வந்து அரிசி கைமாத்து வாங்கிறவ. ஊர் உங்கடை அப்புவைப் புகழ்ந்தது. அவவின்ரை பிள்ளையள் சின்ன மீன் திண்டது. அவ்வளவுதான் கதை.”

“நான் இப்ப என்ன செய்யவேணும் எண்டுறீர்? அவன் எப்பிடி அடிச்சாலும் ரெண்டு கொடியைத் தூக்கவோ?”

“அப்பிடிச் சொன்னனானோ? கண்டதைச் சொல்லுங்கோ எண்டுறன். அவன் ஆற்றையோ பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. உங்களாலை அது ஏலுமோ எண்டுதான் எனக்குப் பயம்.”

அவள் அடுப்பை நிப்பாட்டிவிட்டு முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறென்னவா என்று சீமோன் கேட்கவில்லை.

மைதானத்தில் ட்ரெவர் முன்பே வந்து கம்பங்களை நட்டிருந்தான். இறுதியாட்டமென்றால் கம்பம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பூசியிருக்க வேண்டிய பெயின்ற், மழையால் மிச்சம். ஒரு வாளியையும் நீளத்தடி வைத்த உருளையையும் சீமோனிடம் தந்தான். தொழிற்சாலையில் யன்னல் சட்டத்துக்குப் பூசி மிஞ்சிய எண்ணெய்ப் பெயின்ற். அது காய ஒரு முழுநாள் வேண்டும், அதுவும் வெயிலில். சீமோனுக்கு அது தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய மனம் அவரிடம் இல்லை. தந்ததைப் பூசினார். எட்டுக் கம்பமும் பூசி முடிய ஒன்பது மணி. கிளடிஸ் றோல்ஸ் பெட்டியை இறக்கிவிட்டு வந்து கம்பமொன்றில் கை வைத்துப் பார்த்தாள்.

“உது காயாது. இந்தப் புகாருக்குப் பின்னேரமும் காயாது.”

“ஆர் இப்ப கம்பத்தைக் கட்டிப்பிடிக்கப் போகினம்?”

“நீங்கள்தான் பக்கத்திலை நிக்கப்போறியள். கோட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

“வெள்ளைக் கோட்டிலை வெள்ளைப் பெயின்ற். ஆருக்குத் தெரியும்?”

கிளடிஸ் சிரித்தாள். மூன்று மாதத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் பகிடி அது.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. புகார் போய்விட்டது, ஆனால் வெயில் வரவில்லை. புல்லுக்குள் தண்ணீர் நின்றது. இருநூறு பேரளவில் சனம். மடிப்புக் கதிரை, நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். றோல்ஸ் எண்பதும் முதல் இடைவேளைக்குள் முடிந்தது. கிளடிஸ் ஒளித்துவைத்த நாலைந்து மட்டும் மிச்சம்.

சீமோன் தன் முனையில் நின்றார். பந்து அந்தப் பக்கம் போனால் மூச்சு விடுவார். இந்தப் பக்கம் வந்தால் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போய் நிமிர்ந்து நிற்பார். நிசாந்தன் அன்றைக்கு என்னவோ பிசாசு மாதிரி ஓடினான். இரண்டாம் பகுதியில் ஒன்று அடித்தான், நட்ட நடுவால் போனது, சந்தேகத்துக்கு இடமேயில்லை. சீமோன் இரண்டு விரலையும் காட்டி இரண்டு கொடியையும் அசைத்தார். தோள் நோகும்வரை அசைத்தார். நிசாந்தன் இவரைப் பார்க்காமல் திரும்பி ஓடினான். அவனுக்கு அது பெரிய விசயமில்லை. நடுவால் போனதைக் குருடனும் கோல் என்பான்.

நாலாவது, கடைசிப் பகுதி. மிசிசாகா எழுபத்தொன்று, ஸ்காபரோ அறுபத்தேழு. ஒரு நிமிசம்கூட இல்லை. நிசாந்தன் கூட்டத்துக்கு மேலால் எம்பிப் பந்தைப் பிடித்தான். சுத்தமாகப் பிடித்தால் ஒருவரும் தொடக்கூடாது, நிதானமாக நின்று அடிக்கலாம். அது இந்த விளையாட்டின் சட்டம். அவன் பிடித்து நிலத்தில் கால் வைக்க, ட்ரெவர் தன் லொறியின் ஹோர்னை அமத்தினான். நேரம் முடிந்தது. அந்த ஒரு அடி மட்டும் மிச்சம். உள்ளே போனால் கிண்ணம் ஸ்காபரோவுக்கு.

சனம் முழுக்க எழும்பி நின்றது. முப்பத்தைந்து யார்ட் தூரம், கொஞ்சம் வலப்பக்கச் சரிவு. நிசாந்தன் காலுறையை இழுத்துவிட்டான். அப்போது நிமிர்ந்து கம்பங்களைப் பார்த்தான். கம்பங்களுக்கு நடுவில் நின்ற சீமோனையும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சீமோன் தாங்கியிருப்பார். இருந்தது கேள்வி.

நடுவால் அடியடா தம்பி, என்று சீமோன் மனசுக்குள் மன்றாடினார். அந்தோனியாரே, நடுவால் போகப் பண்ணும். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லாமல் பண்ணும்.

அவன் அடித்தான். உயரமாக, அழகாக வந்தது பந்து. வரவர வலப்பக்கம் சரிந்தது. சீமோன் இரண்டு எட்டு வைத்துக் கம்பத்தடிக்குப் போய்த் தலையை நிமிர்த்தினார். பந்து அவர் தலைக்கு மேல், இரண்டாள் உயரத்தில், கம்பத்தின் உட்பக்கத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. சின்னதாக ‘டொக்’ என்று ஒரு சத்தம். சனத்தின் கூச்சலில் அது வேறொருவருக்கும் கேட்டிருக்காது. பந்து திசை மாறவுமில்லை. பார்த்த அத்தனை பேருக்கும் அது கோல். ஸ்காபரோப் பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மைதான நடுவர் தூரத்திலிருந்து சீமோனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே றோல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிளடிஸ் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

இரண்டு விரலைக் காட்டினால் முடிந்தது. ஜூன் கடன் தீர்ந்துவிடும். மச்சான் தோளில் விழுந்து அழுவான். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு விரலைக் காட்டினால் பழைய கதைதான். பார், உந்த மனுசன் திரும்பவும் செய்துபோட்டார் என்பான். மெய்யைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் அவனுக்குக் கேட்கும். அந்தப் பாவத்தைச் சம்பாதித்தது தான்தான் என்று சீமோனுக்கு விளங்கியது.

ஆற்றையோ பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ.

சீமோன் கம்பத்தைத் தட்டிக் காட்டி, ஒரு விரலை நீட்டினார். பிறகு ஒரு கொடியை எடுத்து அசைத்தார். எழுபத்தொன்றுக்கு அறுபத்தெட்டு.

ஸ்காபரோப் பக்கத்தில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். மிசிசாகாக்காரர் ஒருவரையொருவர் தூக்கினார்கள். நிசாந்தன் நின்ற இடத்தில் நின்றான். பிறகு மெல்ல நடந்து, கம்பங்களுக்குப் பின்னால் புல்லில் கிடந்த பந்தை எடுத்தான். எடுத்து ஜேர்சிக்குள் சுருட்டிக்கொண்டு, சீமோனைத் தாண்டிப் போனான். வென்றவர்களும் பந்தைக் கேட்கவில்லை.

கிண்ணம் கொடுத்து முடிந்தது. ட்ரெவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, உன்னைப் போல நேர்மையான மனுசனைக் கண்டதில்லை என்றான். சீமோனுக்கு அந்தக் கையை உதறவேணும் போல இருந்தது. கம்பங்களை யாராவது கழற்றட்டும் என்று கோட்டோடு காருக்குப் போனார். போனால், பின் சீற்றில் நிசாந்தன் இருக்கிறான். ஏற்றிவந்தவர்கள் பியர் குடிக்கப் போய்விட்டார்களாம். கிளடிஸ்தான் சொன்னாள்.

மார்க்கம் றோட்டில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கார் நின்றது. மூன்று பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள். கிளடிஸ் ஒளித்துவைத்த றோல்ஸைப் பின்னுக்கு நீட்டினாள், அவன் வாங்கவில்லை.

“அக்கா,” என்றான் கொஞ்சத்தால். “அவரிட்டைக் கேளுங்கோ, பட்டதோ எண்டு.”

“பட்டதோ எண்டு கேக்கிறான்.”

“பட்டது,” என்றார் சீமோன்.

“ஜூனிலையும் அப்பிடித்தான் சொன்னவர். அதையும் கேளுங்கோ.”

கிளடிஸ் மடியிலிருந்த பெட்டியை மூடினாள். “நான் கேக்கமாட்டன். மூண்டு மாசமா நான் உங்கள் ரெண்டு பேருக்கும் தபால்காரி. களைச்சுப் போனன். உனக்கும் வாய் இருக்கு, அவருக்கும் காது இருக்கு.”

அடுத்த விளக்குக்கு முன்னால் ஒரு பிளாசா. சீமோன் காரை உள்ளே திருப்பி, மரக்கறிக் கடைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை நிப்பாட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஜூனிலை படேல்லை.”

பின் சீற்றில் நிசாந்தன் நிமிர்ந்தான்.

“அது சுத்தமான கோல். அவன்ரை கைக்கும் பந்துக்கும் நடுவிலை ஒரு சாண் இருந்தது. நான் என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான். அடிச்சது நீ எண்டபடியாத்தான் குடுக்கேல்லை. வேறை ஆரும் எண்டால் குடுத்திருப்பன். சனம் என்ன சொல்லுமோ எண்டு பயந்து, என்ரை வீட்டுப் பிள்ளையின்ரை கையிலை இருந்து பறிச்சனான். மூண்டு மாசமா அதைச் சொல்லவும் பயந்தனான்.” அவர் ஸ்ரியரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்தார். “இண்டைக்குப் பட்டது. கம்பத்திலை. சத்தம் கேட்டது. நீ நம்பமாட்டாய். நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு முகமும் இல்லை.”

கடையிலிருந்து ஒரு மனிசி முருங்கைக்காய்க் கட்டோடு வந்து காரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பின் சீற்றில் ஜேர்சியைப் பிரிக்கிற சத்தம். இரண்டு சீற்றுக்கும் நடுவால் பந்து முன்னுக்கு வந்தது. சிவப்புத் தோலில் ஒரு விரல் அகலத்துக்கு, அரை முழம் நீளத்தில், வெள்ளைக் கோடு.

“இண்டைக்குப் பட்டது எனக்குத் தெரியும், அத்தான்,” என்றான் நிசாந்தன். “பந்தைக் கையிலை எடுக்கேக்கையே கண்டிட்டன். நான் ஜூனைத்தான் கேட்டனான்.”

சீமோன் அந்தக் கோட்டைப் பார்த்தார். காலையில் தான் பூசிய பெயின்ற். மனுசனுக்கு அப்போதுதான் வாய்விட்டு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயது ஆம்பிளை, வெள்ளைக் கோட்டோடு, மரக்கறிக் கடை வாசலில். நிசாந்தன் பின்னாலிருந்து அவருடைய தோளில் கையை வைத்தான். எடுக்கவில்லை.

கிளடிஸும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “அப்ப முதலாந் தேதி?”

“போறது போறதுதான் அக்கா. மூண்டு மணித்தியாலம் பஸ்ஸிலை என்னாலை இனி ஏலாது.” அவன் முன்னுக்குச் சாய்ந்தான். “ஆனால் கட்டிலும் மேசையும் இருக்கு. அத்தான், நீங்கள் வான் ஒண்டு வாடகைக்கு எடுத்து ஓட்டிவருவியளோ?”

“வருவன்,” என்றார் சீமோன். “ஏன் வராமல்.”

“ஞாயிற்றுக்கிழமையளிலை எனக்கு உங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. அதைக் குசினியிலை சொல்லிவையுங்கோ.”

“நீயே சொல்லு. பக்கத்திலைதானே இருக்கிறா.”

கிளடிஸ் பந்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

“காயாது எண்டு காலமையே சொன்னனான்,” என்று சொல்லி, அந்த விரலைப் புருசனின் கோட்டில் துடைத்தாள்.